வலப்பக்கம் வர்றேனுங்க

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி மாதக் காலையில், கோவிந்தாபுரத்துக்கு மேற்கே கேரளத்துச் சாலையில், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் ட்ரையத்லான் போட்டி ஒன்றில், என் பின்சக்கரத்தில் மோதி ஒருவர் விழுந்தார். அவருடைய காறை எலும்பு முறிந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. சைக்கிள்கள் உரசிக்கொண்டால் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். பின்னால் வருகிறவரின் முன்சக்கரம் திசை தவறும், அவர் விழுவார். முன்னால் போகிறவருக்கு இடுப்பில் ஒரு சின்ன உதறல் மட்டும் தெரியும். அந்த உதறல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. எங்கள் பக்கத்தில் இப்போது நிறையப் பேர் ட்ரையத்லானுக்குத் தயாராகிறார்கள். அவர்களில் சிலராவது என்னைப் போல் தெரியாமல் போய் இன்னொருவரை விழவைக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சி, தேங்காய்நார் தொழில். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு ஏழெட்டுப் பேராகக் கிளம்புவோம். மீன்கரை ரோட்டில் அம்பராம்பாளையம் தாண்டி, மீனாட்சிபுரம் வழியாக எல்லைக்கு அந்தப் பக்கம் போய், ஒரு கடையில் டீயும் பழம்பொரியும் சாப்பிட்டுவிட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவோம். இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொண்டே ஓட்டுவோம். காற்று எதிர்த்தால் ஒருவர் முன்னால் போய் வாங்கிக்கொள்வார், மற்றவர்கள் அவர் சக்கரத்தை ஒட்டியே வருவோம். பின்னால் வருகிறவருக்குக் குழி தெரியாது என்பதால் முன்னால் இருப்பவர் கையைக் காட்டுவார். நான் சைக்கிள் ஓட்டக் கற்றது முழுக்க அந்தக் கூட்டத்துக்குள்தான். அருமையான பழக்கங்கள் அவை. ஆனால் ட்ரையத்லானுக்குள் போனதும் அதில் பாதி விதிமீறல் ஆகிவிடும், மீதியில் கொஞ்சம் ஆபத்தாகவும் ஆகிவிடும். இதை எனக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் போட்டி சின்னதுதான். நூற்றைம்பது பேர் இருந்திருப்போம். 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக்கில் உள்ள அதே தொலைவு. சைக்கிளுக்கு ஒரே சாலையில் பத்து கி.மீ. மேற்கே போய்த் திரும்பி வர வேண்டும், அப்படி இரண்டு சுற்று. சாலை நடுவில் கூம்பு வைத்து, போகிறவர்களுக்கு ஒரு பாதி, வருகிறவர்களுக்கு ஒரு பாதி என்று பிரித்திருந்தார்கள். ஆக ஒரு திசைக்குக் கிடைப்பது ஒரு லாரி போகிற அகலம். அதில் நூற்றைம்பது பேர் இரண்டு முறை போய் வரவேண்டும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் பக்கத்துச் சாலையைப் பற்றிப் பேச முடியாது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்துக்கு ஒரு திறப்பு, அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஆனி ஆடியில் அதன் வழியாக மேற்கிலிருந்து காற்று உள்ளே பாயும். உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. கார்த்திகைக்கு மேல் அப்படியே திசை மாறி, கிழக்கிலிருந்து மேற்கே வறண்ட காற்று வீசும். கார்த்திகையை அந்தப் பக்கம் விருச்சிகம் என்பார்கள், காற்றுக்கும் விருச்சிகக் காற்று என்றே பெயர். அன்றைக்கு அந்தக் காற்றுதான். போகும்போது முதுகில் தள்ளியது, பெரிதாக மிதிக்காமலே மணிக்கு 38, 40 கி.மீ. என்று ஓடியது. திரும்பும்போது முகத்தில் அறைந்தது, எல்லோரும் 24, 25-க்கு வந்துவிட்டோம். போகும்போது நூல் பிரிந்த மாதிரி நீளமாகப் போனவர்கள், வரும்போது கொத்துக் கொத்தாகச் சேர்ந்துகொண்டார்கள்.

நான் அந்தக் கொத்து ஒன்றில் இருந்தேன். எங்கே இருந்தேன் என்பதுதான் முக்கியம். சாலையின் இடது ஓரத்தில் மணல் படர்ந்திருந்தது, ஒன்றிரண்டு இடத்தில் தென்னை மட்டை கிடந்தது. அதனால் எங்கள் பாதியின் நடுவுக்கும் கொஞ்சம் வலப்பக்கமாக, கூம்புகளிலிருந்து ஐந்தடி தள்ளிப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே தார் வழவழப்பாக இருந்தது. நான் யாரையும் முந்தவில்லை. இடப்பக்கத்தில் யாரும் இல்லை. சும்மா அங்கே இருந்தேன், அவ்வளவுதான்.

பின்னாலிருந்து "ரைட்! ரைட்!" என்று ஒரு குரல் கேட்டது. காற்று எதிரே வருவதால் பின்னாலிருந்து வரும் சத்தம் காதுக்கு வந்து சேர்வது கஷ்டம், காதில் காற்றின் இரைச்சல்தான் நிறைந்திருக்கும். குரல் கேட்டபோது அவர் கிட்டத்தட்ட என் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். "ரைட்" என்றது காதில் விழுந்ததும் நான் ரைட்டில் ஒதுங்கினேன். என்னை முந்த அவருக்கு இருந்த ஐந்தடி இடத்தை நானே அடைத்துவிட்டேன்.

அவர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். விழுந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்து, வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, "நீங்க போங்க தம்பி, எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். நான் போகவில்லை. தன்னார்வலர்கள் வந்து வண்டியில் ஏற்றும் வரை கூடவே இருந்தேன்.

பத்து நாள் கழித்துச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கையைக் கழுத்தோடு கட்டியிருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன், ரைட் என்ற சத்தத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க திரும்பினதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல தம்பி. யாராயிருந்தாலும் அப்படித்தான் திரும்புவாங்க. நான் கேக்கறது வேற. நீங்க ஏன் அங்க இருந்தீங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம் விதிப்புத்தகத்தை எடுத்து உட்கார்ந்து படித்தேன். கோவாவில் 2019-இல் நம் நாட்டின் முதல் அயர்ன்மேன் 70.3 போட்டி (மூன்றும் சேர்த்து 70.3 மைல் வரும் நீண்ட ட்ரையத்லான்) நடந்ததிலிருந்து இந்த விதிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் தென்னிந்தியாவில் அதிகமாகியிருக்கிறார்கள். அவர்களில் சிலரைத் தேடிப் போய்க் கேட்டேன். எல்லாமே டீச்சர் கேட்ட அந்த ஒரு கேள்வியில்தான் வந்து முடிந்தது.

சைக்கிள் பாதையில் இடப்பக்கம்தான் எல்லோருக்கும் இருப்பிடம். வேகமாகப் போகிறவருக்கும் அதுதான், மெதுவாகப் போகிறவருக்கும் அதுதான். வலப்பக்கம் என்பது முந்தும் அந்தச் சில விநாடிகளுக்கு மட்டும் போய் வருகிற இடம். முந்தாமல் வலப்பக்கத்தில் இருப்பதை விதிகள் பிளாக்கிங் என்கின்றன, அதற்குத் தண்டனையும் உண்டு. வலதுபுறம் வண்டி ஓட்டும் நாடுகளில் இது அப்படியே மாறும். வெளிநாட்டு வீடியோ பார்த்துப் பழகுகிறவர்கள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். "இடப்பக்கம்னா ஸ்லோ ஆளுங்க போற இடம்" என்று நம்மில் பலர் நெடுஞ்சாலை நினைப்பில் இருக்கிறோம். தன்னை வேகமானவர் என்று நினைக்கும் எல்லோரும் அதனால் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். நடுவில் இருக்கிறவரை முந்த வேண்டியவர் கூம்பை ஒட்டிப் போக வேண்டும், அல்லது இடப்பக்கமாகப் புக வேண்டும். இடப்பக்கமாக முந்துவது விதிமீறல், அதுவும் யாரும் எதிர்பார்க்காத பக்கம்.

சரி, ஓரத்து மணலுக்கு என்ன செய்வது? இது நியாயமான கவலை. எங்கள் ஊர்ச் சாலைகளில் ஓரத்தில் மணல், கருவேல முள், கண்ணாடித் துண்டு, ஆட்டுப் புழுக்கை எல்லாம் இருக்கும். ஆனால் இடப்பக்கம் என்றால் வெள்ளைக் கோட்டின் மேல் ஓட்டச் சொல்லவில்லை. காரும் லாரியும் போகும்போது அவற்றின் இடது டயர் படுகிற தடம் ஒன்று இருக்கும், கூர்ந்து பார்த்தால் தெரியும், கொஞ்சம் கறுத்து வழவழப்பாக இருக்கும். வண்டிகளின் டயரே அந்தத் தடத்தைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருக்கும். அந்தத் தடத்திலோ அதற்கு ஓரடி இடப்பக்கமாகவோ ஓட்டினால் மணலும் இல்லை, வலப்பக்கம் தாராளமாக இடமும் இருக்கும். குழி வந்தால் மட்டும் விலக வேண்டும். விலகுவதற்கு முன் பின்னால் பார்க்க வேண்டும். போட்டிக்கு முந்தின நாள் பாதையை ஒருமுறை ஓட்டிப் பார்த்து எந்த மைல்கல் பக்கத்தில் குழி, எங்கே வேகத்தடை என்று நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நான் அன்றைக்கு அதைச் செய்யவில்லை.

அடுத்தது இடைவெளி. சாதாரணப் போட்டியாளர்களுக்கான ட்ரையத்லானில் ஒருவர் சக்கரத்தை ஒட்டி வரக்கூடாது. காற்றைக் கிழிப்பதில்தான் நம் பலத்தில் பெரும்பகுதி போகிறது. ஒட்டி வந்தால் கால்வாசி உழைப்போ அதற்கு மேலோ மிச்சமாகும். தனித்தனியாக ஓட்ட வேண்டிய போட்டியில் அது இரவல் பலம். 2000-இல் சிட்னியில் ட்ரையத்லான் ஒலிம்பிக்குக்கு வந்தபோதே அங்கே கூட்டமாக ஓட்ட அனுமதி இருந்தது, இன்றும் இருக்கிறது. டிவியில் அதைப் பார்த்துவிட்டு நமக்கும் அதுதான் என்று நினைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உச்சநிலை வீரர்களுக்கான வேறொரு விதி. நமக்கு அயர்ன்மேன் போட்டிகளில் 12 மீட்டர், முன்னால் போகிறவரின் முன்சக்கரத்திலிருந்து நம் முன்சக்கரம் வரை. ஏறத்தாழ ஒரு பெரிய பஸ்ஸின் நீளம். குறுகிய தொலைவுப் போட்டிகளில் பொதுவாக 10 மீட்டர். அன்றன்றைக்குப் போட்டிக்கு முன் சொல்லும் விளக்கத்தில் எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஓட்டும்போது 12 மீட்டரை எப்படி அளப்பது? முன்னால் போகிறவர் தாரில் ஒட்டுப் போட்ட இடத்தையோ நிழலையோ கடக்கும்போது எண்ண ஆரம்பியுங்கள். 30 கி.மீ. வேகத்தில் ஒன்றரை விநாடிக்குச் சற்றுக் குறைவாக நீங்களும் அதைக் கடந்தால் சரியாக விளிம்பில் இருக்கிறீர்கள். நான் இரண்டு விநாடி விட்டே போவேன். கூட்டத்தில் சரியான விளிம்பில் இருக்கப் பார்த்தால் அவர் சற்று மெதுவானதும் நீங்கள் உள்ளே புகுந்துவிடுவீர்கள்.

அந்த 12 மீட்டருக்குள் நுழைந்துவிட்டால் முந்தியே ஆக வேண்டும், 25 விநாடிக்குள். நுழைந்துவிட்டு மனம் மாறிப் பின்வாங்கக் கூடாது. முடிக்கவில்லை என்றால் ஐந்து நிமிடம் தண்டனைக் கூடாரத்தில் நிற்க வேண்டும். இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 25 விநாடியில் 12 மீட்டர் கூடுதலாகப் போக, முன்னால் இருப்பவரைவிட மணிக்கு 1.7 கி.மீ. வேகமாவது வேண்டும். கேட்பதற்குச் சின்ன எண். முதுகில் காற்று தள்ளும்போது அது ஒன்றுமே இல்லை. எதிர்க்காற்றில் 24-இல் போய்க்கொண்டிருக்கும்போது 26-ஐ அரை நிமிடம் தாக்குப்பிடிப்பது தொடை எரிகிற வேலை. அதனால் எதிர்க்காற்றில் முந்தத் தொடங்குவதற்கு முன் இரண்டு விஷயம் பார்ப்பேன். எனக்கு இந்த 25 விநாடிக்குப் பலம் இருக்கிறதா? முந்திய பிறகும் அவரைவிட வேகமாக இருக்கப் போகிறேனா? இரண்டாவது கேள்விக்கு "இல்லை" என்றால் முந்துவதே வீண். முந்திவிட்டு முன்னால் போய்த் தளர்ந்தால் அவர் மறுபடி என்னை முந்த வேண்டும், நான் மறுபடி அவரை. இப்படி இரண்டு பேர் மாறி மாறி முந்திக்கொண்டால் பின்னால் வருகிற பத்துப் பேருக்கு வலப்பக்கமே கிடைக்காது.

முந்தும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் வலது தோளுக்கு மேலாகப் பின்னால் பார்க்க வேண்டும். உங்களை யாராவது ஏற்கெனவே முந்திக்கொண்டு வருகிறாரா என்பதுதான் கேள்வி. வந்தால் அவர் போகட்டும். மூன்று பேர் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் அந்த லாரி அகலத்தில் மூன்றாமவர் கூம்பைத் தாண்டித்தான் ஆக வேண்டும், எதிரே வருகிறவர் மேல். கூம்பைத் தாண்டினால் போட்டியிலிருந்தே நீக்கவும் செய்யலாம். நீக்காவிட்டாலும் அதைச் செய்யக் கூடாது. பாதை காலியாக இருந்தால் தூரத்திலேயே வலப்பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள், பின்சக்கரம் வரை வந்துவிட்டு வெட்டி விலகாதீர்கள். நேர்கோட்டில் போய், அவருக்கும் உங்களுக்கும் ஒரு கை நீளத்துக்கு மேல் இடம் விட்டு, முந்தி, திரும்பிப் பார்த்து, அவருடைய முன்சக்கரத்துக்கு முன்னால் ஒன்றிரண்டு சைக்கிள் நீளம் காலி இருக்கிறது என்று தெரிந்த பிறகு சாய்வாக இடப்பக்கம் வாருங்கள். முந்திய சந்தோஷத்தில் சட்டென்று அவர் முன்னால் வெட்டி விழுகிறவர்கள்தான் அதிகம்.

குறுகிய பாலம், வேகத்தடை, வளைவு, தண்ணீர் கொடுக்கும் இடம், இவற்றுக்கு முன்னால் முந்தத் தொடங்கவே கூடாது. திரும்பும் இடத்தில் முந்தவே கூடாது. நம் நாட்டில் யூ-டர்ன் வலப்பக்கம் என்பதால், முன்னால் போகிறவர் இடது ஓரத்திலிருந்து அகலமாக வலது பக்கம் வளைவார். அந்த நேரத்தில் வலப்பக்கமாக உள்ளே புகுந்தால் அவர் நேராக உங்கள் மேல்தான் வருவார். பத்து விநாடி பொறுத்தால் போதும்.

இப்போது குரல். எங்களுக்கு நடந்ததில் நான் அதிகம் யோசித்தது இதைத்தான். பஸ்ஸில் போய் வளர்ந்த நமக்கு "ரைட்" என்றால் கண்டக்டர் "போகலாம்" என்று சொல்கிற சொல். பேச்சில் "சரி" என்பதற்கும் "ரைட்" என்கிறோம். வலது என்பதும் அதுதான். ஒரே சத்தத்துக்கு மூன்று பொருள். களைத்துப்போய், இதயம் அடித்துக்கொண்டு, காதில் காற்று இரைகிற ஒருவர் அதில் எதை எடுப்பார்? உடம்பு தானாகவே காதில் விழுந்த திசைக்குப் போகும். "லெஃப்ட்!" என்று கத்துகிறவர்களும் உண்டு. சிலருக்கு அது "இடப்பக்கம் ஒதுங்கு", சிலருக்கு "நான் இடப்பக்கம் வருகிறேன்". தனியாக ஒரு திசைப் பெயரைக் கத்துவது எந்த மொழியிலும் ஆபத்து.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. வினைச்சொல்லின் கடைசியிலேயே யார் என்பது வந்துவிடும். "வர்றேன்" என்றால் நகர்கிறவன் நான், நீங்கள் அப்படியே இருக்கலாம். "தள்ளுங்க", "ஒதுங்குங்க" என்றால் நகர வேண்டியவர் நீங்கள். முந்தும்போது முன்னால் இருப்பவர் நகரவே கூடாது என்றுதான் நாம் விரும்புகிறோம். அதனால் நான் இப்போது சொல்வது இவ்வளவுதான்: "அண்ணா, வலப்பக்கம் வர்றேனுங்க." பெண்ணாக இருந்தால் அக்கா. அண்ணா, அக்கா என்ற முதல் சொல் அவர் கவனத்தைத் திருப்பும், இரண்டாவது இடத்தைச் சொல்லும், மூன்றாவது யார் நகர்வது என்று சொல்லும். கேரளத்துக்காரர்களிடம் "சேட்டா, வலத்து வருந்நு" என்றால் புரிந்துகொள்வார்கள். வலது அவர்களுக்கும் வலத்துதான். சொல்ல வேண்டியது ஏழெட்டு மீட்டர் பின்னாலிருந்து. எதிர்க்காற்றில் இன்னும் உரக்க, இரண்டு தடவை. பக்கத்தில் வந்த பிறகு சொல்வதில் பயனில்லை, அது திடுக்கிட மட்டும்தான் வைக்கும். முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்க்க வேண்டாம். "சரிங்க" என்று ஒரு சொல், அல்லது ஒரு விரலைத் தூக்கினால் போதும். பின்னால் வருகிறவருக்கு அதைவிடப் பெரிய நிம்மதி இல்லை.

முந்தப்படுகிறவருக்கு ஒரு கடமை இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. இன்னொருவரின் முன்சக்கரம் உங்கள் முன்சக்கரத்தைத் தாண்டிய கணத்தில் நீங்கள் முந்தப்பட்டவர். அதற்கப்புறம் அந்த 12 மீட்டர் இடைவெளியை உண்டாக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. அவர் வந்து உங்கள் முன்னால் விழுந்தார், நீங்கள் ஏன் மெதுவாக வேண்டும் என்று தோன்றும். எனக்கும் கோபம் வந்திருக்கிறது. ஆனால் இப்படி இல்லாவிட்டால் யாரும் யாரையும் முந்தவே முடியாது. முந்தப்படும்போது நேராகப் போங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். நாலைந்து சுற்று மிதிக்காமல் விட்டால் இடைவெளி தானாக வந்துவிடும், அந்த நேரத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம். பிரேக் பிடிக்கக் கூடாது, பின்னால் இன்னொருவர் இருப்பார். மறுபடி முந்த வேண்டுமானால் முழுக்கப் பின்னால் போன பிறகுதான். பக்கத்தில் ஒருவர் வந்ததும் வீம்புக்கு வேகம் கூட்டுகிறவர்களால் 25 விநாடியில் முடிய வேண்டியது ஒரு நிமிடம் ஆகிறது, வலப்பக்கம் அத்தனை நேரம் அடைபடுகிறது.

நீச்சலில் மெதுவாக இருந்து சைக்கிளில் வேகமானவர்கள் போட்டி முழுக்க ஐம்பது அறுபது பேரை முந்த வேண்டியிருக்கும். டீச்சர் அப்படிப்பட்டவர். அவருக்குக் குளத்தில் நேரம் போகும், சாலையில் பறப்பார். மெதுவாக ஓட்டுகிறவர்கள் குறுகிப்போக ஒன்றுமில்லை. இடது தடத்தில் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிற ஒருவரைவிட முந்துகிறவருக்கு நல்ல துணை கிடையாது. கோணல்மாணலாகப் போகிற வேகக்காரர்தான் பயமுறுத்துவார்.

பக்கக்காற்று வீசும் நாட்களில் இன்னொன்று. தென்னந்தோப்பு முடிந்து வயல்வெளி தொடங்கும் இடத்தில் காற்று சட்டென்று பக்கவாட்டில் தாக்கும். காற்று வரும் பக்கமாக நீங்கள் ஒருவரை முந்தினால், அவருக்கு ஓரிரு விநாடி காற்று மறைந்து பிறகு திடீரென்று திரும்ப வரும். ஆழமான விளிம்புள்ள சக்கரம் போட்டவர் அதில் ஓரடி தள்ளாடுவார். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊர் இது. அந்த மாதிரி இடங்களில் இரண்டு கை நீளம் இடம் விட வேண்டும். ஏரோபார், அதாவது முன்கையை ஊன்றிக் குனிந்து ஓட்ட முன்னால் நீட்டியிருக்கும் பிடி, வைத்திருக்கிறவர்களுக்கு அதில் சாய்ந்திருக்கும்போது பிரேக் கைக்கு எட்டாது. அதனால் கூட்டத்துக்குப் பக்கத்தில் வந்ததும் கையை பிரேக் இருக்கும் அடிப்பிடிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

தண்ணீர் கொடுக்கும் இடத்தில் வேண்டியவர் இடப்பக்கம், வேண்டாதவர் முன்கூட்டியே வலப்பக்கம் போய்விடுவது நல்லது. பஞ்சர் ஆனால் கையைத் தூக்கிவிட்டு மெல்ல மண் வரை இறங்கி நிற்க வேண்டும், தாரில் நின்று டியூப் மாற்றக் கூடாது. இவ்வளவுதான் அதில்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற ஒரு திறமை பின்னால் பார்ப்பது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், பத்து வருடம் ஓட்டியவர்களுக்கும் இது வராது. வலப்பக்கம் தலையைத் திருப்பினால் தோள் திரும்பும், கை இழுக்கும், சைக்கிள் வலப்பக்கம் போகும். கூட்டத்தில் அந்த ஓரடியில் விபத்து நடந்துவிடும். எங்கள் ஞாயிறு குழுவில் பக்கத்தில் ஆள் இருந்ததால் யாரோ ஒருவர் "வண்டி வருது" என்று சொல்லிவிடுவார், எனக்குப் பின்னால் பார்க்கும் தேவையே வந்ததில்லை.

டீச்சரின் எலும்பு கூடி, அவர் மறுபடி ஓட்டத் தொடங்கியபோது, நாங்கள் எங்கள் குழுவில் ஒரு பயிற்சியைச் சேர்த்தோம். அவர் சொன்ன முறைதான். வண்டி வராத தோட்டத்து ரோட்டில் ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் ஓட்ட வேண்டும். பின்னால் இருபது அடியில் இன்னொருவர் வருவார். அவர் குரல் கொடுத்ததும் வலது கையைப் பிடியிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டு, தாடையைத் தோள்மேல் வைத்துத் திரும்பி, அவர் எத்தனை விரல் காட்டுகிறார் என்று சொல்ல வேண்டும். கையைப் பிடியிலிருந்து எடுத்துவிட்டால் தோள் இழுத்தாலும் சைக்கிள் விலகிப் போகாது, அதுதான் இதில் உள்ள சூட்சுமம். முதல் வாரம் நான் ஒவ்வொரு முறையும் கோட்டை விட்டு இரண்டடி தள்ளிப் போனேன். சும்மா திரும்பினால் போதாது, விரலை எண்ணியாக வேண்டும். பார்த்ததாக நினைப்பதும் பார்ப்பதும் வேறு.

போன ஞாயிறும் செய்தோம். தெற்கே நெல்லியாம்பதி மலை வெளுத்துக்கொண்டிருந்தது, காற்று இன்னும் எழவில்லை. டீச்சர் பின்னால் வந்தார்.

"தம்பி, பாருங்க!"

திரும்பினேன். "மூணு!"

"இல்ல தம்பி, ரெண்டு. இன்னொருக்கா பாருங்க."

முன்னால் திரும்பிக் குனிந்து பார்த்தேன். சக்கரம் கோட்டின் மேல்தான் இருந்தது. கையை மறுபடி தொடையில் வைத்தேன்.